உரக்க வாசிக்கவும்

கப்பலில்,
15 செப்டம்பர் 1948

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று நான் உங்களிடம் சொல்லாமல் விட்டதை இன்று காலை எழுதிப் பார்க்கிறேன்.

கொழும்புப் படகுத்துறையில் உங்களைக் கண்டதும், எங்கே இந்தப் பக்கம் என்று கேட்டேன். "பருத்தி விதை விசயமா இங்க நம்மூர் சங்கையா கடைக்கு வந்தேன். அப்படியே ஒன்னையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம்னு" என்றீர்கள். பருத்தி விதைக்காகத் தூத்துக்குடியில் கப்பலேறி யாரும் கடல் தாண்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. என் கப்பல் கொழும்பில் ஒரு நாள் நிற்கும் என்று போன கடிதத்தில் தேதியோடு எழுதியதே நீங்கள் வரவேண்டும் என்றுதான். அதையும் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாடு முடிந்து, உங்களைக் கரைக்குக் கொண்டுபோகும் படகு கீழே காத்திருந்தபோது, ஏணிப்படியில் நின்று, "அங்க ரொம்பக் குளிருமாமே" என்றீர்கள். ஆமாம் என்றேன். இன்னும் கொஞ்சம் நின்றீர்கள். பிறகு, "சரி, போயிட்டு வா" என்றீர்கள். கேட்க வந்ததை நீங்கள் கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். கேட்காவிட்டாலும் நானே சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்புதான் அத்தான், முடித்துவிட்டு உங்களிடம்தான் வருவேன், எனக்காக இருங்கள். இவ்வளவுதான் விஷயம். இங்கிலீஷிலும் தமிழிலும் எத்தனையோ படித்திருக்கிறேன். இது மட்டும் எந்த மொழியிலும் வாயில் வரவில்லை.

இந்தக் கடிதத்தை நான் அனுப்பப் போவதில்லை. நம் வீட்டுக் கடிதங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. தபால் வந்ததும் உங்கள் தங்கை ஜெயக்கொடி உரக்க வாசிப்பாள். அத்தை அடுப்படியிலிருந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டு ஒச்சம்மாள் வாசற்படியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். நீங்கள் புஞ்சையிலிருந்து வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். நாம் எழுதும் கடிதத்தையும் வாசித்துக் காட்டாமல் அத்தை ஒட்டவிட மாட்டார்கள்.

ஆகவே இதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, எல்லோரும் கேட்கக்கூடிய ஒரு கடிதத்தை எழுதப் போகிறேன்.

சவுந்தரம்


கப்பலில்,
15 செப்டம்பர் 1948

கர்த்தருக்குள் பிரியமான அத்தைக்கு,

தேவகிருபையால் நான் சுகம். முதல் இரண்டு நாள் தலைசுற்றல் இருந்தது, இப்போது இல்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜெயக்கொடி தைலம் தேய்த்துவிடுகிறாளா?

இந்தக் கடிதம் வருவதற்குள் அத்தான் ஊர் வந்து சேர்ந்திருப்பார். ஒரு கேள்விக்கு ஒரு வார்த்தைதான் அவரிடமிருந்து பெயரும். ஆகவே கொழும்பில் நடந்ததை நானே விவரமாக எழுதுகிறேன்.

கப்பல் அங்கே ஒரு நாள் முழுக்க நின்றது. பயணிகளைக் கரைக்கு அழைத்துப் போய் ஊர் சுற்றிக் காட்டக் கம்பெனியே கார் வைத்திருந்தது. என்னோடு வரும் எங்கள் பள்ளித் தலைமையாசிரியை மிஸ் ஹார்டிங் எங்கள் இருவருக்கும் இடம் சொல்லியிருந்தார். படகிலிருந்து இறங்கினால், கரையில் அத்தான் கருப்பட்டி மிட்டாய்ப் பெட்டியோடு நிற்கிறார். ஊர் காட்ட வந்தவர் அவரைச் சுமைகூலிக்காரர் என்று நினைத்து மிஸ் ஹார்டிங்கின் குடையையும் பையையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். அத்தான் வாங்கிக்கொண்டார். கார் வரைக்கும் சுமந்து வந்து, பையைக் கொடுத்துவிட்டு, காருக்குள் ஏறி உட்கார்ந்தார். அந்த மனிதர் திகைத்துவிட்டார். "எங்க அத்தை மகன்" என்றேன். அதற்குப் பிறகு நாள் முழுக்க அத்தானை அவர் சார் என்றே கூப்பிட்டார்.

ஊருக்கு நடுவில் ஒரு பெரிய ஏரி. அத்தான் காரை நிறுத்தச் சொல்லிக் கேட்டார், "இது எப்ப வத்தும்?" வற்றாது என்றார் அந்த மனிதர். "கோடையிலயும்?" அவர் யோசித்துவிட்டு, இங்கே கோடை என்று தனியாக ஒன்றும் கிடையாது சார் என்றார். அடுத்த இரண்டு தெருவுக்கு அத்தான் திரும்பித் திரும்பி ஏரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கறுவாத் தோட்டம், புத்தர் கோயில், கடைத்தெரு எல்லாம் பார்த்தோம். கோயிலில் தாமரைப் பூவைத் தட்டில் அடுக்கி விற்கிறார்கள். மத்தியானம் கடலோரத்து ஓட்டலில் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு, தேங்காயும் மிளகாயும் இடித்த துவையல். அத்தான் கையால் சாப்பிட்டார். மிஸ் ஹார்டிங்கும் முள்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார்.

ராத்திரி கப்பலில் தன் விருந்தாளியாகச் சாப்பிட வரும்படி அத்தானை மிஸ் ஹார்டிங் அழைத்தார். அதற்காக அத்தான் சங்கையாவிடம் ஒரு கோட்டு இரவல் வாங்கிப் போட்டு வந்தார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. சாப்பாட்டு அறையில் வெள்ளை விரிப்பு, ஆளுக்கு நாலு கரண்டி, என்னென்ன வரும் என்று அச்சடித்த அட்டை. சூப்பு, மீன், ஆட்டுக்கறி, புட்டிங், பழம் என்று ஒவ்வொன்றாக வந்தன. பரிமாறினவர் வெள்ளத்துரை என்று தூத்துக்குடிக்காரர்.

எங்கள் வினை தண்ணீரில் வந்தது. கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார். நான் குடித்து முடித்தேன். உடனே நிரப்பினார். வைத்த தண்ணீரை வீணாக்கலாமா என்று அதையும் குடித்தேன். மறுபடி நிரப்பினார். எதிரே பார்த்தால் அத்தானும் அதேபோல் குடித்துக்கொண்டிருக்கிறார், முகத்தில் வேர்வை. கறி வருவதற்குள் இரண்டு பேருக்கும் வயிறு நிரம்பிவிட்டது. கடைசியில் வெள்ளத்துரை குனிந்து காதோடு சொன்னார், "ஐயா, கொஞ்சம் மிச்சம் வைங்க. வச்சாத்தான் போதும்னு அர்த்தம். இல்லைன்னா நான் ஊத்திக்கிட்டேதான் இருக்கணும்."

"மிச்சம் வச்சா அதை என்ன செய்வீக?" என்று அத்தான் கேட்டார்.

"கடல்ல கொட்டிருவோம்."

"ஏன், கடல்ல தண்ணி பத்தலையா?" என்று சொல்லிவிட்டு அத்தான் அந்தத் தம்ளரையும் எடுத்துக் குடித்துவிட்டார். வெள்ளத்துரை சிரித்துக்கொண்டே ஜாடியை எடுத்துப் போய்விட்டார். அப்புறம் எங்கள் பக்கம் வரவே இல்லை. என்ன விஷயம் என்று மிஸ் ஹார்டிங் கேட்டார். எங்கள் ஊரில் தண்ணீர் எப்படி வருகிறது என்று சொன்னேன். அவர் தன் தம்ளரில் இருந்ததை மெதுவாகக் குடித்து முடித்தார்.

இதுதான் அன்றைய நாள். வேறு விசேஷம் இல்லை. ஒச்சம்மாளையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புள்ள அண்ணன் மகள்,
சவுந்தரம்


திருச்சுழி,
20 அக்டோபர் 1948

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

இவ்விடம் அம்மாவும் ஜெயக்கொடியும் நானும் சுகம். நீ போய்ச் சேர்ந்த சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதம் வந்தது. ஜெயக்கொடி மூன்று முறை வாசித்தாள். அம்மாவுக்கு ஒரு முறை, பிறகு வந்த ஒச்சம்மாளுக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை. கோட்டுக் கை முழங்கைக்கு வந்ததை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். தெருவில் இப்போது எல்லோரும் என் முழங்கையைப் பார்க்கிறார்கள்.

அம்மா எழுதச் சொல்வது: "கடல்ல கொட்டுவாகளாமே, அந்தப் பாவிக. அந்தக் கப்பலை நம்ம ஊருக்குத் திருப்பிவிட ஆள் இல்லையா? அங்க வவுத்துக்கு வஞ்சகம் பண்ணாம சாப்புடு. யாரையும் பாத்துக் கூச்சப்படாத."

புரட்டாசிக் கடைசியில் இரண்டு மழை பெய்தது. பருத்தி விதைத்தாயிற்று. மேலப்புஞ்சையில் தோண்டும் கிணறு பாறையில் நிற்கிறது. கருத்தப்பாண்டி வேட்டு வைத்து உடைக்கிறான். உடைத்த பாறைக்குக் கீழே இன்னொரு பாறை இருக்கிறது. அவன் தளரவில்லை, நானும் தளரவில்லை.

கொழும்புக்கு வந்த காரியம் முடிந்ததா என்று சங்கையா கேட்டு எழுதியிருந்தார். விதை கிடைத்தது என்று பதில் போட்டிருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
ஜான்ராஜ்


மான்செஸ்டர்,
28 நவம்பர் 1948

கர்த்தருக்குள் பிரியமான அத்தைக்கும் அத்தானுக்கும் ஜெயக்கொடிக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். குளிருக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள்கிறேன். அத்தையின் முழங்கால் இந்தக் குளிரில் ஒரு நாள் தாங்காது. பனிக்காலத்தில் ஜாக்கிரதையாக இருங்கள்.

இங்கே தினமும் மழை பெய்கிறது. பெரிய மழை இல்லை. யாரோ மேலே உட்கார்ந்து சல்லடையில் சலிப்பது போல விடாமல் பெய்கிறது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. முதல் வாரம் நான் ஜன்னலண்டை போய்ப் போய்ப் பார்த்தேன், வீட்டுக்காரம்மாள் எனக்கு ஊர் ஏக்கம் என்று நினைத்துவிட்டார். சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இன்னும் அளவுச்சீட்டுக்குத்தான், வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்தால் பெரிது. தண்ணீருக்கு மட்டும் சீட்டு இல்லை. இதை ஒச்சம்மாள் நம்ப மாட்டாள்.

படிப்பைப் பற்றி அத்தை கேட்பீர்கள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் வேலை. என்னிடம் விட்டிருக்கிற பிள்ளைக்கு ஐந்து வயது, பெயர் மார்கரெட். நம் உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்கு வார்த்தை தெரியும். நான் கொஞ்சம் தலையைத் திருப்பினாலும் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். நேற்று அவளுடைய குல்லாயைக் கையில் வைத்துக்கொண்டு, அவளே புரிந்துகொள்வாள் என்று சும்மா நின்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ மனசுக்குள் நினைப்பது அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று எங்கள் ஆசிரியை கேட்டார். 

கொழும்பு விதை முளைத்ததா, அத்தான்? கிணற்றில் இறங்கும்போது கயிற்றைப் பார்த்து இறங்குங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

சவுந்தரம்


அருப்புக்கோட்டை,
17 டிசம்பர் 1948

அன்புள்ள மதினிக்கு, ஜெயக்கொடி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். பண்டிகைக்குச் சேலை எடுக்க டவுனுக்கு வந்த இடத்தில், ஜவுளிக்கடையில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுத் தபாலாபீசில் நின்றுகொண்டே எழுதுகிறேன். இந்தக் கடிதம் மட்டும் நம் வீட்டில் யாருக்கும் வாசித்துக் காட்டாத கடிதம். இதற்குப் பதில் போடாதீர்கள். போட்டால் அதையும் நான்தான் உரக்க வாசிக்க வேண்டும்.

பந்தல்குடி வேதமுத்து ஐயா வீட்டார் தங்கள் மகளை அண்ணனுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு வயதாகிவிட்டதாம், வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டுமாம், உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சு. லெந்து உபவாச நாட்கள் முடியட்டும், ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு சபையில் முதல் ஓலை வாசித்துவிடலாம் என்கிறார்கள். மூன்று ஞாயிறு பெயரை வாசித்துவிட்டால் அப்புறம் கல்யாணம்தான். அண்ணன் ஆமா என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்போம்" என்கிறது.

மதினி, அண்ணன் கொழும்புக்குப் போனது விதைக்கு இல்லை. அது கொண்டுவந்த விதை அருப்புக்கோட்டைச் சந்தையில் வாங்கினது. கோணியில் கடைப்பேர் போட்டிருந்ததை நானே பார்த்தேன். போன வாரம் கிணற்று மேட்டுக்குக் கஞ்சி கொண்டு போனபோது கருத்தப்பாண்டி அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். "ஏலே, அம்புட்டுத் தூரம் கடல் தாண்டிப் போயும் அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேக்காம வந்தியா?" அதற்கு அண்ணன் சொன்னது இது: "அது சீமைக்குப் படிக்கப் போற புள்ள. திரும்பி வந்து இந்தக் கரிசல்ல என்னோட சேந்து தண்ணிக்கு அலையின்னு நான் எந்த வாயால கேக்க?"

நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்கள் மனதில் ஒன்றும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். இருந்தால் எப்படியாவது சொல்லுங்கள். அம்மா கூப்பிடுகிறார்கள்.

அன்புள்ள,
ஜெயக்கொடி


மான்செஸ்டர்,
12 ஜனவரி 1949

கர்த்தருக்குள் பிரியமான அத்தைக்கு,

உங்கள் எல்லோருக்கும் புது வருட வாழ்த்து. ஒரு வாரம் சளிக்காய்ச்சலில் படுத்திருந்தேன், இப்போது நல்ல சுகம். பயப்பட வேண்டாம். பண்டிகையன்று இங்குள்ள சபையில் பாடினோம். கருப்பட்டி மிட்டாயில் கடைசித் துண்டை அன்றைக்கென்று வைத்திருந்தேன். மார்கரெட்டுக்குப் பாதி கொடுத்தேன்.

வீட்டில் நல்ல காரியம் ஏதாவது பேசுவதாக இருந்தால் எனக்கும் எழுதுங்கள், அத்தை. எது நடந்தாலும் எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஜெபம்.

அத்தானுக்கு என் வந்தனம். கிணறு எந்த மட்டில் இருக்கிறது?

வேறு விசேஷம் இல்லை.

சவுந்தரம்


திருச்சுழி,
9 பிப்ரவரி 1949

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

இவ்விடம் சுகம். உன் காய்ச்சல் பற்றி அறிந்து அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முழுக்கக் குணமாயிற்று என்று ஒரு வரி எழுதவும்.

நல்ல காரியம் பேசினால் எழுதச் சொல்லியிருந்தாய். அம்மா எழுதச் சொன்னபடி எழுதுகிறேன். பந்தல்குடி வேதமுத்து ஐயா வீட்டார் போன திங்கட்கிழமை வந்து போனார்கள். மரியாதையான மனிதர்கள். அந்தப் பெண் ஆறாவது வரைக்கும் படித்திருக்கிறாளாம், நன்றாகப் பாடுவாளாம். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். ஐயா பாதி குடித்துவிட்டு மீதியை முற்றத்தில் ஊற்றினார். அதில் தப்பில்லை. அவர்கள் வீட்டில் கிணறு இருக்கிறது.

ஈஸ்டருக்குப் பிறகு ஓலை வாசிக்கலாம் என்று பேச்சு. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

பருத்தி காய் பிடித்திருக்கிறது. கிணறு பாறையில்தான் நிற்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
ஜான்ராஜ்


மான்செஸ்டர்,
17 மார்ச் 1949
ஆகாயத் தபால்

கர்த்தருக்குள் பிரியமான அத்தைக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

ஜெயக்கொடி, இந்தக் கடிதத்தை உரக்க வாசி. நடுவில் நிறுத்தாதே. ஒச்சம்மாள் உட்கார்ந்திருந்தாலும் நிறுத்தாதே. வேறு யார் இருந்தாலும் இருக்கட்டும்.

அத்தானின் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இன்று மார்கரெட் முதல் முறையாகத் தண்ணீர் வேண்டும் என்று வாயால் கேட்டாள். ஆறு மாதமாகக் கையை நீட்டிக்கொண்டிருந்த பிள்ளை. சத்தம் சரியாக வரவில்லை, பாதி வார்த்தை மூக்கில் போயிற்று. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெட்கப்படவில்லை, கேட்டாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அத்தை, என் அப்பா இருந்திருந்தால் அவர் வந்து உங்களிடம் பேசியிருப்பார். இப்போது எனக்காகப் பேச நான்தான் இருக்கிறேன். அத்தானை எனக்குக் கொடுங்கள். கொழும்பில் ஒரு நாள் முழுக்க அவர் பக்கத்தில் இருந்தும் இதைச் சொல்லாமல் கப்பலேறினேன். அந்தச் சாப்பாட்டு அறையில் நூறு பேர் இருந்தார்கள். வைத்த தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் குடித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவரோடு கரிசலில் இருப்பது எனக்கு அலைச்சல் என்று அவர் நினைத்தால், எது எனக்கு அலைச்சல் என்பதை நான் சொல்ல வேண்டும், அவர் முடிவு செய்யக்கூடாது. ஆகஸ்டில் படிப்பு முடிகிறது. அருப்புக்கோட்டைப் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவேன். அதை விடமாட்டேன். வாரக்கடைசியில் பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். இதற்குச் சம்மதமா என்று அவரையும் கேளுங்கள்.

இந்தக் கடிதம் வருவதற்குள் பந்தல்குடிக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தால், இதை அடுப்பில் போட்டுவிடுங்கள். அந்தப் பெண் பேரில் தப்பில்லை, அவளை யாரும் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. நான் எப்போதும் போல உங்கள் அண்ணன் மகளாகவே விடுமுறைக்கு வந்து போவேன்.

இந்த முறை விசேஷம் இதுதான்.

சவுந்தரம்


திருச்சுழி,
2 ஏப்ரல் 1949

அன்புள்ள மதினிக்கு, ஜெயக்கொடி எழுதுவது.

எல்லோரும் சுகம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறார்கள்.

கடிதம் வந்தபோது ஒச்சம்மாள் இருந்தாள். வெடிமருந்துக்குச் சொல்ல வந்த கருத்தப்பாண்டியும் இருந்தான். நீங்கள் சொன்னபடி நிறுத்தாமல் வாசித்தேன். "அத்தானை எனக்குக் கொடுங்கள்" என்ற இடத்தில் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டேன். "நிறுத்தாத, மேல வாசி" என்று ஒச்சம்மாள் அதட்டினாள். வாசித்து முடித்த பிறகும் அம்மா உலையைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கண்ணன் மகளுக்கு இப்பத்தான் வாய் வந்திருக்கு" என்றார்கள். "படிச்ச புள்ளைய எப்படிக் கேக்கன்னு நான் இருந்தேன். அவன் கேக்க மாட்டாம இருந்தான். கடைசியில அந்தப் புள்ளயே கேக்கும்படி வச்சிட்டோமே."

கருத்தப்பாண்டி கிணற்றுக்கு ஓடிப்போய் அண்ணனைக் கூட்டி வந்தான். வழியில் ஒன்றும் சொல்லவில்லையாம், வீட்டில் கூப்பிடுறாக என்று மட்டும் சொன்னானாம். அம்மாவுக்கு என்னமோ என்று பயந்து, அண்ணன் உடம்பெல்லாம் பாறைத் தூளோடு வந்து நின்றது. "வாசி" என்றார்கள் அம்மா. மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டது. முடிந்ததும், "தண்ணி குடு" என்றது. செம்போடு கொடுத்தேன். ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் குடித்துவிட்டு, "வகுப்பு நடத்தட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நான் வண்டி கட்டிட்டுப் போறேன்" என்றது. ஒச்சம்மாள், "அப்ப கோட்டுக்கு அளவு எடுக்க வேண்டியதுதான்" என்றாள். அன்றைக்குத்தான் அண்ணன் சிரித்ததை ரொம்ப நாளைக்கு அப்புறம் பார்த்தேன்.

மறுநாள் அம்மா தானே பந்தல்குடிக்குப் போய் வேதமுத்து ஐயாவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தார்கள். வாக்கு எதுவும் கொடுக்கவில்லையே, நல்லவேளை. ஐயாவுக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து, "கடுதாசியில கேட்டவுகளுக்கே குடுங்கத்தை" என்றாளாம். நம் வீட்டுக் கடிதம் பந்தல்குடி வரைக்கும் போயிருக்கிறது.

அண்ணன் தனியாக எழுதுகிறது.

அன்புள்ள,
ஜெயக்கொடி


திருச்சுழி,
4 ஏப்ரல் 1949

அன்புள்ள சவுந்தரத்துக்கு,

சுகம்.

இந்தக் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. "நீயே எழுதி நீயே ஒட்டு" என்று அம்மா சொல்லிவிட்டு ஜெயக்கொடியையும் கூட்டிக்கொண்டு ஒச்சம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தனியாக எழுதக் கிடைத்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொழும்பில் ஏணிப்படியில் நின்று நான் கேட்க இருந்தது, அங்கே குளிருமா என்பது இல்லை. நீ பதில் எழுதிவிட்டாய். ஆனாலும் கேட்காமல் வந்தது மனதில் கிடக்கிறது. ஆகவே இப்போது கேட்கிறேன்.

படிப்பு முடிந்ததும் வருவாயா?

ஜான்ராஜ்


இதற்கு நான் பதில் எழுதவில்லை. செப்டம்பரில் நேரே வந்து சேர்ந்தேன். அக்டோபரில் மூன்று ஞாயிறு எங்கள் பெயர்களைப் போதகர் சபையில் உரக்க வாசித்தார். நவம்பரில் திருமணம் நடந்தது. மேலப்புஞ்சைக் கிணற்றில் அதற்கு அடுத்த வருடம் தண்ணீர் வந்தது, உப்புத் தண்ணீர். குடிப்பதற்கு ஊருணியிலிருந்துதான் எடுத்து வருகிறோம்.